சில்லறையைத் தள்ளிய மேசை

எலோதியா ஸெப்பேதாவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். தன் தலையைத் தானே கொண்டுபோய்க் கத்திக்குக் கீழே வைப்பாள். நாம் பதறினால், "ஏன் இப்படிக் கத்துறீங்க, தோன் ரொஹெலியோ?" என்று ஒன்றுமே நடக்காததுபோல் கேட்பாள். கத்தாமல் கொஞ்சச் சொல்கிறாளா? தோன் என்பது எங்கள் பாஷையில் ஐயா மாதிரி, பெண்களுக்குத் தோன்யா.

நான் லாரி ஓட்டியவன். தொண்ணூற்றொன்பதாம் நெடுஞ்சாலையில் தக்காளியும் பாதாமும் ஏற்றி ஓடியே முதுகு போயிற்று. இனி லாரிப் பக்கமே போகாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஐம்பத்து மூன்று வயதில், பேரன் வயசுப் பிள்ளைகளோடு கம்யூனிட்டி காலேஜில் மருந்துக்கடை வேலைக்குப் படிக்கப் போனேன். அங்கேதான் எலோதியாவின் மேசை எனக்கு வாய்த்தது.

அவளுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. ஆறு வயதில் மிச்சோகானிலிருந்து அப்பா அம்மாவோடு எல்லை தாண்டி இந்த நாட்டுக்கு வந்தவள். பீச் மரங்களுக்கு நடுவே வளர்ந்து, பத்தாவதோடு பள்ளியை விட்டு, பழம் கட்டும் ஷெட்டில் எடை போடும் இடத்தில் நின்றாள். புருஷன் சுய் அதே ஷெட்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். இரண்டு பெண் பிள்ளைகள். ஷெட்டில் எந்தப் பெண்ணுக்கு உடம்புக்கு வந்தாலும் இங்கிலீஷ் பேச எலோதியாவைத்தான் கிளினிக்குக்குக் கூட்டிப்போவார்கள். போய்ப் போய், நர்ஸ்கள் வேலை செய்வதைப் பார்த்துப் பார்த்து, நானும் அந்த வெள்ளைச் செருப்பைப் போட்டே தீருவேன் என்ற வெறி அவளுக்குப் பிடித்துவிட்டது.

பத்தொன்பது வயதில் ஒருமுறை இதே காலேஜில் சேர்ந்திருக்கிறாள். பின் வரிசையில் போய் உட்கார்ந்திருக்கிறாள். பேர் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒருநாள் பஸ்ஸைத் தவறவிட்டாள், மறுநாள் போகக் கூச்சமாக இருந்தது, அதற்கடுத்த நாள் போகவே இல்லை.

"ஏன் வரலைன்னு ஒரு ஜீவன் கேக்கலை தோன் ரொஹெலியோ. நான் இருந்ததே யாருக்கும் தெரியலை போல" என்று என்னிடம் சொன்னாள். இதைச் சொல்லும்போது சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் காலேஜில் சேருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் சத்தமில்லாமல் காணாமல் போவார்கள். மண்டை இல்லாமல் போகவில்லை, துணைக்கு ஆள் இல்லாமல் போகிறார்கள் என்று கண்டுபிடித்தவள் மிஸ் பெட்டன்கோர்ட். மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலை அவளுக்கு. பால்பண்ணைக்காரர் வீட்டுப் பெண், குரலும் மாட்டை விரட்டும் குரல்தான். அவள் டீனிடம் சண்டை போட்டு ஒரு ஏற்பாடு கொண்டுவந்தாள். நர்ஸிங்குக்கோ மருந்து வேலைக்கோ போக விரும்புகிறவர்கள் ஒரே கூட்டமாகச் சேர வேண்டும். கணக்கு, இங்கிலீஷ், உடற்கூறு மூன்றையும் அதே ஆட்கள் ஒன்றாகவே படிக்க வேண்டும். ஒன்றை விட்டால் மூன்றும் போச்சு. கூட்டத்தை மேசை மேசையாகப் பிரித்து, வகுப்பு முடிந்ததும் நூலகத்தின் பின்னறையில் உட்காரவைப்பாள். காலேஜ் இதற்கு ஏதோ நீளமான பேர் வைத்திருந்தது. நாங்கள் 'மேசை' என்போம், அவ்வளவுதான்.

எங்கள் மேசையில் ஆறு பேர். எலோதியா, நான், மளிகைக்கடையில் ராத்திரி வேலை பார்க்கும் பெங் லோர் என்ற மோங் இனத்துப் பையன், லாரிக் கம்பெனிக்கார வீட்டு மருமகள் ஜஸ்கிரத், அப்புறம் ஓச்சோவா இரட்டைச் சகோதரிகள். அந்த இரண்டு பேரில் யார் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, அதனால் இரண்டு பேரையும் 'ஓச்சோவா' என்றே கூப்பிடுவேன். பெங் வீட்டு ஒட்டுச் சோறு, ஜஸ்கிரத்தின் முள்ளங்கிப் பராட்டா, எலோதியாவின் பீன்ஸும் தோர்த்தியா ரொட்டியும் என்று மேசையில் புத்தகம் வைக்க இடம் இருக்காது.

எலோதியா போட்ட சட்டம் ஒன்று இருந்தது. ஒரு கணக்கு புரிந்துவிட்டது என்று யாரும் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போக முடியாது. மற்ற ஐந்து பேருக்கும் அதைத் தன் வாயால் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லிக்கொடுத்தால்தான் வீட்டுக்கு. எனக்குப் பல நாள் இருட்டிவிடும்.

"எனக்கு முதுகு வலிக்குது, விடு தாயே!"

"முதுகுதானே வலிக்குது, வாய் நல்லாத்தானே இருக்கு? சொல்லுங்க."

இப்படி வாங்கிக் கட்டிக்கொண்டுதான் நான் படித்தேன். பெங் பரீட்சையில் வாந்தி எடுக்காமல் உட்கார்ந்ததும் இந்த மேசையால்தான். மாமியாருக்குத் தெரியாமல் படிப்பை விட்டுவிடப் பார்த்த ஜஸ்கிரத்தை வீட்டு வாசலுக்கே போய் இழுத்து வந்ததும் எலோதியாதான். மாமியாரிடம் ஷெட் இங்கிலீஷில் என்ன பேசினாளோ, அந்த அம்மாள் அதிலிருந்து பராட்டாவை இரண்டு மடங்காகக் கட்டிக் கொடுத்தாள்.

அந்த வசந்தப் பருவத்தில் எலோதியாவுக்கு நர்ஸிங்கில் இடம் கிடைத்தது. இங்கே மார்க் இருந்தால் மட்டும் போதாது. தகுதியுள்ளவர்கள் பேரையெல்லாம் போட்டுக் குலுக்குவார்கள். அவள் பேர் இரண்டு தடவை வரவில்லை. மூன்றாம் தடவை வந்தது. ஷெட்டில் பீச் வரிசையை நிறுத்திவிட்டு எல்லோரும் கைதட்டினார்களாம். சுய் ஃபோர்க்லிஃப்ட்டின் ஹாரனை விடாமல் அடித்தானாம். இரண்டு நிபந்தனைகள்தான். மருந்துக் கணக்குப் பாடத்தில் தேற வேண்டும். பேரில் எந்தக் கறையும் இருக்கக்கூடாது. கறை என்றால் காப்பி அடித்தது, பொய் சொன்னது மாதிரி. அப்படி ஒன்று பதிவாகிவிட்டால் நர்ஸிங் கதவு அப்புறம் எந்த வருடத்திலும் திறக்காது.

மருந்துக் கணக்கை எடுத்தவர் ஹால்வர்சன். மூன்று ஊரில் மூன்று காலேஜுக்குக் காரில் ஓடி ஓடிப் பாடம் நடத்துகிற பகுதிநேர வாத்தியார். மத்தியானச் சாப்பாட்டை ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சாப்பிடுகிற மனுஷன், எங்கள் பேர்கூட அவருக்குச் சரியாக மனதில் நிற்காது. பரீட்சைத் தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று எங்கள் ஆறு பேர் தாளை மட்டும் கொடுக்கவில்லை. வகுப்பு கலைந்ததும் நிற்கச் சொன்னார்.

"குழந்தைகளைப் பத்தி ஆறு கேள்வி இருந்துச்சு. நீங்க ஆறு பேரும் ஆறையும் தப்பாப் போட்டிருக்கீங்க" என்றார்.

"அதுக்கு என்ன சார், மார்க்கைக் கொறைங்க" என்றேன்.

"தப்பு மட்டும் இல்ல. ஒரே தப்பு. கடைசி எண் வரைக்கும் ஒரே விடை, ஆறு தாள்லயும். முப்பது பேர் இருக்கற வகுப்புல வேற ஒருத்தர் தாள்லயும் இல்லாத விடை."

எந்தத் தப்பு என்று சொல்லவில்லை. விசாரணை முடியும்வரை தாளைக் காட்டக்கூடாதாம். திங்கட்கிழமை டீன் விட்லாக் முன்னால் வந்து நிற்க வேண்டும், யார் யாருக்கு விடை கொடுத்தது என்று ஒப்புக்கொண்டால் மற்றவர்களுக்குத் தண்டனை குறையும் என்று சொல்லிவிட்டு, அடுத்த ஊர் வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஓச்சோவா இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழ ஆரம்பித்தார்கள். பெங்கின் முகம் வெளுத்துவிட்டது. எனக்குப் பயம் வந்தது, ஆனால் என்னைப் பற்றியல்ல. மருந்துக்கடைக்காரன் எனக்குக் கறை இருந்தாலும் எங்கேயாவது பெட்டி தூக்கிப் பிழைத்துக்கொள்வேன். எலோதியா மட்டும் தோர்த்தியா சுற்றிவரும் துணியை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். சுய் வெளியே கறி சுட்டுக்கொண்டிருந்தான். "அவகிட்ட நீங்களாச்சும் பேசுங்க, நான் சொன்னா ஏறலை" என்றான். சமையலறையில் எலோதியா மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு நான்தான் விடை குடுத்தேன்னு சொல்லப்போறேன்" என்றாள், தலையைத் தூக்காமலே.

"குடுத்தியா?"

"இல்ல."

"அப்புறம்?"

"யாராச்சும் ஒருத்தர் சொன்னாத்தான் மத்தவங்களை விடுவாங்க. பெங்குக்கு வயசு இருபது. ஓச்சோவாக்களுக்குப் பத்தொன்பது. நான் ஷெட்டுக்குத் திரும்பிப் போயிடுவேன், எனக்கு எடைப்பலகை பழக்கம்தானே."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "அடிப்பாவி! ரெண்டு தடவை குலுக்கல்ல விட்டு, மூணாம் தடவை கெடச்ச எடத்தை, செய்யாத தப்புக்குத் தூக்கிக் குடுப்பியா? உனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்கு? நீ தியாகி ஆகறதுக்கு நாங்க எல்லாரும் திருட்டுப் பசங்களா நிக்கணுமா?" என்று கத்தினேன். வெளியே சுய் கறியைத் திருப்புவதை நிறுத்திவிட்டான்.

"ஏன் கத்துறீங்க? பொண்ணுங்க படிக்குதுங்க" என்றாள்.

நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன். வீட்டில் போய்ச் சாப்பிட்டேன் என்பது வேறு விஷயம், ஆனால் அங்கே சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை டீன் அறையில் எங்கள் ஆறு பேருக்கும் சுவரை ஒட்டி நாற்காலி. எதிரே டீன், பக்கத்தில் ஹால்வர்சன், கதவோரம் மிஸ் பெட்டன்கோர்ட் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். டீன் விட்லாக் கெட்டவர் இல்லை, ஆனால் குரலை உயர்த்தாமலே ஆளைக் குளிரச்செய்கிறவர்.

"யாராவது முதல்ல ஏதாவது சொல்லணும்னா சொல்லலாம்" என்றார்.

எலோதியா எழுந்தாள். நான் அவள் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்தேன்.

"உக்காருடி!"

"விடுங்க. சார், அந்த விடையை..."

"அவ ஒண்ணும் பண்ணலை! அவ சொல்லப்போறது சுத்தப் பொய், எழுதிக்காதீங்க!" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து அறையிலிருந்து ஒரு குமாஸ்தாப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை கத்துனா உங்களை வெளிய அனுப்ப வேண்டியிருக்கும்" என்றார் டீன் என்னிடம்.

"அனுப்புங்க! ஆனா அவளைப் பேச விடாதீங்க!"

அந்தக் களேபரத்தில்தான் மிஸ் பெட்டன்கோர்ட் முன்னால் வந்தாள். "விட்லாக், ஒரு நிமிஷம். அவங்களுக்கு விடை எப்படித் தப்பாச்சுன்னு இன்னும் தெரியாது இல்லையா? அப்ப வாயை மூடவச்சு, ஃபோனை வாங்கிவச்சு, ஒருத்தர் ஒருத்தரா உள்ள கூப்பிடுங்க. புதுசா ஒரு குழந்தைக் கணக்கைப் போர்டுல போடச் சொல்லுங்க. காப்பி அடிச்சவன் புதுக் கணக்குல வேற எங்கயாவது இடறுவான். மேசைல கத்துக்கிட்டவன் திரும்பவும் அதே எடத்துலதான் விழுவான்" என்றாள்.

ஹால்வர்சன் தலையாட்டினார். எலோதியா வாயைத் திறந்தாள், டீன் கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டார்.

எங்களை வெளியே பெஞ்சில் உட்காரவைத்து, மிஸ் பெட்டன்கோர்ட் காவலுக்கு நின்றாள். பேசக்கூடாது, பார்த்துச் சிரிக்கவும் கூடாது. முதலில் பெங் போனான். போனவன் திரும்பி வரவில்லை, உள்ளேயே உட்காரவைத்துவிட்டார்கள். அப்புறம் ஒரு ஓச்சோவா. அப்புறம் இன்னொரு ஓச்சோவா. ஜஸ்கிரத் போகும்போது வாய்க்குள் ஏதோ பிரார்த்தனை முணுமுணுத்துக்கொண்டே போனாள். புதுக் கணக்கில் நான் ஒருத்தன் கோணலாக எதையாவது போட்டுவைத்தால் எல்லோருக்கும் ஆபத்து. நான் கணக்கில் எப்போதும் கோணல் ஆள்.

என் முறை வந்தது. போர்டில் எழுதியிருந்தது: பதின்மூன்று பவுண்டு எடையுள்ள குழந்தை. ஒரு கிலோவுக்குப் பத்து மில்லிகிராம் மருந்து. எவ்வளவு கொடுக்க வேண்டும்?

"வாயால சொல்லிக்கிட்டே போடுங்க" என்றார் ஹால்வர்சன்.

சொல்லிக்கிட்டே போடுவதற்கு நான் வேறு எங்கே பழகினேன்? மேசைக்குச் சொல்வது மாதிரியே சொன்னேன். "பவுண்டை ரெண்டே காலால... இல்ல, ரெண்டு புள்ளி ரெண்டால வகுக்கணும். அஞ்சு புள்ளி ஒன்பது வருது. பெட்டி எடை, சில்லறையைத் தள்ளு. அஞ்சு. அஞ்சு பத்து அம்பது. அம்பது மில்லிகிராம்."

சொல்லி முடித்துத் திரும்பினால், மூலையில் உட்கார்ந்திருந்த பெங் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தான். ஹால்வர்சன் டீனைப் பார்த்தார். டீன் என்னை அவன் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

கடைசியில் எலோதியா. சாக்பீஸை எடுத்தாள். அவள் கையெழுத்து மாதிரியே நிதானமாக எண்களை எழுதினாள். "அஞ்சு புள்ளி ஒன்பது. பெட்டி எடை, சில்லறையைத் தள்ளு. அஞ்சு. அம்பது மில்லிகிராம்."

"பெட்டி எடைன்னா என்ன?" என்று டீன் கேட்டார்.

"ஷெட்டுல அப்படித்தான் சார். பெட்டி இருபத்திரண்டே முக்கால் பவுண்டு இருந்தா இருபத்திரண்டுன்னு போடுவோம். முக்காலுக்குக் கணக்கு கெடையாது. போன கோடைல மிஸ் பெட்டன்கோர்ட் நடத்துன பயிற்சில எனக்கு இந்தப் புள்ளிக்கப்புறம் வர்ற எண்ணுங்க குழம்பிக்கிட்டே இருந்துச்சு. அப்ப நானே இப்படி ஞாபகம் வச்சுக்கிட்டேன். அப்புறம் இவங்களுக்கும் சொல்லிக்குடுத்தேன்."

ஹால்வர்சன் நாற்காலியில் சாய்ந்தார். "நான் குடுத்த பயிற்சிக் கணக்கெல்லாம் பெரியவங்க எடை. நூத்தம்பத்திநாலு, நூத்தறுபத்தஞ்சு, நூத்தெழுபத்தாறு. எல்லாம் சில்லறை இல்லாம வகுபடற எண்ணு. அதுல இந்தத் தப்பு தெரிஞ்சிருக்கவே முடியாது" என்றார். அவர் முகம் சுருங்கிவிட்டது. "காப்பி இல்ல, விட்லாக். ஆறு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்றாங்க, மூச்சு விடற எடம்கூட ஒண்ணு. அவ சொல்லிக்குடுத்ததை இவங்க நெஜமாவே கத்துக்கிட்டாங்க."

டீன் பேனாவை மூடினார். பதிவு எதுவும் இருக்காது என்றார். வியாழக்கிழமை மறுபரீட்சை, அதில் தேறினால் போதும் என்றார். ஓச்சோவாக்கள் மறுபடி அழுதார்கள். ஜஸ்கிரத் என்னைக் கட்டிப்பிடித்தாள், என் முதுகு கடகடவென்றது. நான் "ஐயோ, விடும்மா!" என்று கத்தினேன், இந்தத் தடவை டீன் ஒன்றும் சொல்லவில்லை. எலோதியாவின் இடம் தப்பித்தது. எனக்கு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

எலோதியா மட்டும் போர்டைவிட்டு நகரவில்லை.

"சார், சரியான விடை எவ்வளவு?"

"அம்பத்தொன்பது. தசமத்தைக் கடைசிலதான் சரிபண்ணணும், நடுவுல இல்ல."

"ஒன்பது கொறைவா?"

"குழந்தைக்கு அது ரொம்ப. பெரியவங்க உடம்புல தெரியாது. குழந்தைக்குக் கிருமி சாகாம மிஞ்சிடும்" என்றார் ஹால்வர்சன்.

அவள் சாக்பீஸைக் கீழே வைத்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. "மாய் நூ" என்றாள்.

அந்தப் பேர் எனக்குத் தெரியாது. போன கோடைப் பயிற்சியில் எலோதியாவோடு உட்கார்ந்த மோங் பெண், மற்றப் பாடங்களை முன்னமே முடித்திருந்ததால் குலுக்கலில் பேர் வந்து இலையுதிர் காலத்திலேயே நர்ஸிங்கில் சேர்ந்துவிட்டவள் என்று மிஸ் பெட்டன்கோர்ட்தான் சொன்னாள். இந்த மாதம் அவளைக் குழந்தைகள் வார்டில் போட்டிருக்கிறார்களாம்.

"அவளுக்கு நான்தான் சொல்லிக்குடுத்தேன். பெட்டி எடை, சில்லறையைத் தள்ளுன்னு. நான்தான்" என்றாள் எலோதியா. ஃபோனை வாங்கி அடித்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வார்டுக்குள் போகும்போது ஃபோனை லாக்கரில் பூட்டிவிடுவார்கள்.

"ஆறு மாசமா படிக்கிறா, இந்நேரம் திருத்தியிருப்பாங்க" என்றேன்.

"தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது. ஆனா சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கூப்பிடலாமே!"

"அதுக்குள்ள ஒரு குழந்தைக்கு ஊசி போட்டா?"

சொல்லிவிட்டு அவள் வெளியே நடந்தாள். எங்கே போகிறாள் என்று எனக்குப் புரிந்ததும் உயிரே போய்விட்டது. புல்வெளிக்கு அந்தப் பக்கம் நர்ஸிங் கட்டடம். அதன் தலைவி மிஸஸ் கசாபியன். மருந்துக் கணக்கில் கை பிசகுகிறவளை என் வார்டுக்குள் விடமாட்டேன் என்று முதல் நாளே சொல்லுகிற பொம்பளை. அவள் சம்மதித்தால்தான் எலோதியாவின் இடம் இடம். டீன் அறையில் தப்பித்த தலையை நேராக அங்கே கொண்டுபோகிறாள்!

முதுகை மறந்து பின்னால் ஓடினேன். "எலோதியா! நில்லு! நீயே போய்ச் சொன்னா அவங்க உன் பேரை எடுத்துப் பாப்பாங்க. ஒரு தடவைதான் தப்பிச்சிருக்க!"

"தெரியும்."

"சுய் ஹாரன் அடிச்சானே, ஞாபகம் இருக்கா?"

அவள் நின்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "ஞாபகம் இருக்கு" என்றாள். பிறகு நடந்தாள்.

மிஸஸ் கசாபியன் அறையில் எலோதியா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. ஷெட், பெட்டி, சில்லறை, ஆறு பேர், விசாரணை, மாய் நூ. நான் திறந்திருந்த கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் ஃபோன் பொத்தான்கள் அழுத்தும் சத்தம். மிஸஸ் கசாபியன் வார்டைக் கூப்பிட்டு, "மாய் நூவை லைனுக்கு வரச் சொல்லுங்க, கைல மருந்து இருந்தா கீழ வச்சுட்டு வரச் சொல்லுங்க" என்றாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாய் நூ, கிலோவை எந்த எடத்துல ரௌண்ட் பண்றீங்க?"

"கடைசில, மேடம்." சின்னக் குரல், பயந்த குரல். "ஏன் மேடம்?"

எலோதியா மேசையைப் பிடித்துக்கொண்டாள். "மாய் நூ, நான் எலோதியா. அப்ப உனக்கு நான் சொல்லிக்குடுத்தது?"

"முதல் வாரமே திருத்திட்டாங்க, தோன்யா எலோ. அது தப்புன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"அப்பவேன்னா? இலையுதிர் காலத்துலயா?"

"இல்ல. கோடையிலயே. புத்தகத்துல பாத்தேன். நீங்க பெரியவங்க. எங்களுக்கெல்லாம் சமைச்சு எடுத்துட்டு வருவீங்க. எல்லார் முன்னாடியும் உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு... எங்க வீட்டுல பெரியவங்களை அப்படிச் சொல்ல மாட்டோம்."

எலோதியாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "ஏன்டி, என் முகம் வாடக்கூடாதுன்னு நீ வாயை மூடிக்கிட்ட. உன் மேசைக்கு அப்புறம் எத்தனை பேருக்கு நான் அதையே சொல்லிக்குடுத்தேன் தெரியுமா? அவங்க நாளைக்கு ஆளுக்கொரு வார்டுல நிப்பாங்களே!" குரல் உடைந்தது. அந்தப் பக்கம் மாய் நூவும் அழுகிறாள் என்று தெரிந்தது.

மிஸஸ் கசாபியன் ஃபோனை அணைத்தாள். வார்டில் எந்த மாணவியும் தனியாக மருந்து கொடுப்பதில்லை, பக்கத்தில் ஆசிரியை நின்று சரிபார்த்த பிறகுதான் என்றாள். பிறகு எலோதியாவை உட்காரச் சொன்னாள்.

"வியாழக்கிழமை பரீட்சைல நூத்துக்குத் தொண்ணூறு வேணும், தெரியும்ல?"

"தெரியும், மேடம்."

"அப்ப இங்க என்ன பண்றீங்க? போய்ப் படிங்க. செப்டம்பர்ல வெள்ளைச் செருப்பு வாங்கணும்."

வெளியே வந்த எலோதியா என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் அவளைத் திட்டலாம் என்று வைத்திருந்த வார்த்தையெல்லாம் எங்கே போயிற்றோ, "வாம்மா, சாப்பிடலாம்" என்று மட்டும்தான் வந்தது.

பரீட்சையில் அவள் தொண்ணூற்றாறு வாங்கினாள். மற்றவர்களும் தேறினார்கள், நான் உட்பட. என் மார்க்கைக் கேட்காதீர்கள். எலோதியா இப்போது கவுன்டி ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் இருக்கிறாள். ஆனால் எனக்கு அவளை நினைத்தால் மறுபரீட்சைக்கு முந்தின செவ்வாய்க்கிழமைதான் கண்ணுக்குள் நிற்கும்.

அன்று அவள் மாய் நூவை நூலகப் பின்னறைக்கு வரவழைத்திருந்தாள். எல்லா மேசைக்காரர்களும் உட்கார்ந்திருந்தோம். மாய் நூ குள்ளமாக, தலையைக் குனிந்துகொண்டு, ஸ்வெட்டர் கையைத் திருகிக்கொண்டு நின்றாள். எலோதியா அவளுக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லு."

"தோன்யா எலோ, வேண்டாம்..."

"சொல்லும்மா."

"நீங்க... நீங்க சொல்லிக்குடுத்தது தப்பு" என்றாள் மாய் நூ, தரையைப் பார்த்து.

"என்னைப் பாத்துச் சொல்லு" என்றாள் எலோதியா. "சத்தமா. பின்னாடி உக்காந்திருக்கவங்களுக்குக் கேக்கலை."